கொடும்பாளூர் ஒலியறையில் நின்றுபோன சத்தம்

“எல்லாம் ரெடி அக்கா” என்று மேடைக்குப் பின்னாலிருந்து யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் நம்பிக்கை வராது. ரெடி என்று எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். நிறைய பேரிடம் கேட்டும் இருக்கிறேன். அதனால்தான் புதுக்கோட்டைப் பக்கத்து மேடைக்காரர்கள் பலருக்கு என்னைப் பிடிக்காது.

லேப்டாப்பை வைத்து நாட்டிய நிகழ்ச்சிக்கு இசை ஓட்டவும், கண்காட்சிகளில் ஒலி அமைக்கவும் இப்போது நீங்கள் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள். எனக்கு இடது காது மந்தமாகிவிட்டது. காது சொல்வதை நம்ப முடியாமல் போன பிறகு இந்த வேலையில் இருக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன். உங்களில் சிலர் வீட்டுக்கு வந்து, எந்த மென்பொருள் வாங்கலாம், எந்த லேப்டாப் நல்லது என்று கேட்கிறீர்கள். அதை நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கைப்பேசியே சொல்லும். எனக்குச் சொல்லத் தெரிந்தது சந்தேகப்படுவது ஒன்றுதான். அதை ஒழுங்காகச் செய்யாமல் நான் ஒருவருக்குச் செய்த அநியாயத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

நான் ஆலங்குடிக்காரி. மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவள். வயலினும் மிருதங்கமும் கொண்டுவர முடியாத நாட்டியப் பள்ளிகள் பதிவு செய்த இசையைக் கேட்க ஆரம்பித்தபோது லேப்டாப்புக்கு மாறினேன். அப்படி ஓட்டிய முதல் வருஷத்திலேயே ஓர் அரங்கேற்றத்தில் வர்ணத்தின் நடுவில் திரை நீலமானது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறதாம், அணைக்க வேண்டாமாம். அந்தப் பெண் அரைமண்டியில் அப்படியே நிற்கிறாள். தொடை நடுங்குவது எனக்குத் தெரிகிறது. நான் பக்கத்திலிருந்த கீபோர்டில் ஷட்ஜத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய ஆசிரியை புரிந்துகொண்டு தாளத்தைத் தட்டிப் பாட ஆரம்பித்தார். பதினொரு நிமிஷம் அப்படியே ஓட்டினோம். சபையில் பாதிப் பேர் அதுதான் நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அன்றைக்கு மிக்ஸரில் உட்கார்ந்திருந்த மைக் செட்டுக்காரர் எனக்குப் பல வருஷம் மூத்தவர். தன் பெயரை எங்கேயும் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவரிடம் போய், “எல்லா லைட்டும் பச்சையாத்தாண்ணே இருந்துச்சு” என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் வயரைச் சுருட்டிக்கொண்டே, “பச்சை லைட்டு எரிஞ்சா லைட்டு எரியுதுன்னுதாம்மா அர்த்தம். வேற ஒண்ணும் அதுக்குத் தெரியாது” என்றார்.

அன்றிலிருந்து எதையும் நம்புவதை விட்டேன். நிகழ்ச்சிக்கு முன் இன்டர்நெட்டை அறுப்பேன். இரண்டு லேப்டாப் கொண்டுபோவேன். மண்டபத்துக்காரர் எர்த் இருக்கிறது என்று சொன்னால் டெஸ்டரை எடுப்பேன். நேற்று ஓடிய கோப்பு இன்றைக்கும் ஓடும் என்று நினைக்க மாட்டேன், முதலிலிருந்து கடைசிவரை கேட்பேன். இது நல்ல குணம்தான், இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் இருபது வருஷம் எதையும் நம்பாமல் பழகிவிட்டால் மனிதர்களைப் பார்க்கும் பார்வையும் அப்படியே ஆகிவிடுகிறது. அதைத்தான் கொடும்பாளூரில் கண்டேன்.

கொடும்பாளூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிறார்கள். மூவர் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் ஊரையும் கொஞ்சம் அறிந்துகொண்டு போகட்டும் என்று, தங்களுடைய பழைய கடலைக் குடோனைக் கண்காட்சிக்கூடமாக மாற்றினார்கள். அதில் ஓர் அறையை என்னிடம் விட்டார்கள். இருட்டான அறை, சுவரைச் சுற்றி எட்டு ஸ்பீக்கர். இந்த ஊரின் ஒரு நாள், இருபது நிமிஷச் சத்தமாக. கடலை உடைக்கும் சத்தம், ஆட்டு மந்தை, மயில், பஸ் ஹாரன், குலவை, தகரத்தில் விழும் மழை. ஒவ்வொன்றையும் நானே அலைந்து பதிவு செய்தேன். நடுவில் ஒரு கிணறு வரும். ராட்டினம் கிறீச்சிட்டுச் சுற்றும், வாளி மேலே வரும், தொட்டியில் தண்ணீர் சளேரென்று விழும். அதன் பிறகு நாற்பது நொடி ஒன்றுமே இருக்காது. அந்த மௌனத்துக்குப் பிறகுதான் மழை. அந்த நாற்பது நொடியை நான் எவ்வளவு பெருமையாக நினைத்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மேடையில் என்றால் நாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். இந்த மாதிரி அறையில் நாம் இல்லாமலே அது ஒவ்வொரு நாளும் ஓட வேண்டும். காலையில் மெயின் சுவிட்சைப் போட்டால் தானாகத் தொடங்கும்படியும் மாலையில் தானே அணையும்படியும் வைத்தேன். ஒரு பழைய லேப்டாப்பைத் திறந்தபடியே இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். லேப்டாப்பிலிருந்து வரும் ஒலியை எட்டாகப் பிரித்து அனுப்புவதற்கு ஒரு சின்னப் பெட்டி, நாம் சவுண்ட் கார்டு என்போமே அது, பீரோவுக்குள்ளேயே. ஆம்ப்ளிஃபயர் வெளியே ஒரு ஸ்டூலில். யூபிஎஸ் வைக்கலாமா என்று கேட்டார் கூடத்தை நிர்வகித்த சிதம்பரம் சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எதையும் ஒருமுறை கேட்டுத்தான் செய்வார். “லேப்டாப்புல பேட்டரி இருக்கு சார், தேவையில்ல” என்றவள் நான்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறையைத் திறந்து மூடவும் வருகிறவர்களை உள்ளே விடவும் மாரிக்கண்ணு என்ற பெண்ணை வைத்திருந்தார்கள். பக்கத்து ஊர். நாற்பது வயதிருக்கும். கணவர் லாரி ஓட்டுகிறார். அதிகம் பேசாதவர். சத்தம் நின்றால் ஆம்ப்ளிஃபயரை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கும்படி நான் அவரிடம் சொல்லியிருந்தேன். அதற்கு மேல் எதையும் தொட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன்.

மூன்று மாதம் ஒரு குறையும் இல்லை. கோடையில் ஒரு நாள் மாரிக்கண்ணு போன் செய்தார்.

“அக்கா, மத்தியானம் சத்தம் நின்னுபோச்சுங்க. அமத்திப் போட்டேன், வரல.”

நான் போய்ச் சேர்வதற்குள் அன்று மூடிவிட்டார்கள். மறுநாள் காலை மெயினைப் போட்டால் நன்றாக ஓடியது. நாலு நாள் கழித்து மறுபடி நின்றது. பிறகு ஒரு வாரம் ஓடியது. பிறகு இரண்டு நாள் தொடர்ந்து நின்றது. எப்போதும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. எப்போதும் மறுநாள் காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. போன் வந்த ஒரு தடவை மாரிக்கண்ணு இன்னொன்றும் சொன்னார்.

“ரூமுல சத்தம் இல்லைங்க. ஆனா பீரோவுல காது வச்சா உள்ள சன்னமா என்னமோ பாடுதுங்க.”

“அது லேப்டாப் ஃபேனு சத்தம். காத்து இழுக்கும்” என்றேன்.

“ஃபேனு மாதிரி இல்லைங்க.”

“ஃபேனுதான்” என்று வைத்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது பீரோவைத் திறந்து, லேப்டாப்பில் மென்பொருள் தானே எழுதிவைக்கும் குறிப்பைப் படித்தேன். எத்தனை மணிக்கு எந்தச் சத்தம் தொடங்கியது, எப்போது முடிந்தது என்று நொடி சுத்தமாக எழுதியிருக்கும். நின்றுபோன நாட்களிலும் காலையிலிருந்து மாலைவரை ஒரு சத்தம் விடாமல் ஓடியதாக எழுதியிருந்தது. பிழை என்று ஒரு வரிகூட இல்லை.

அப்படியானால் மென்பொருள் நிற்கவில்லை. வெளியே யாரோ நிறுத்துகிறார்கள். அந்த அறையில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்.

ஒரு தடவை அப்படி நினைத்துவிட்ட பிறகு எங்கே பார்த்தாலும் சாட்சி கிடைத்தது. ஆம்ப்ளிஃபயர் மாட்டியிருந்த எக்ஸ்டென்ஷன் பலகையில் போன் சார்ஜர் ஒன்று தொங்கியது. கதவுக்குப் பின்னால் ஒரு கோரைப்பாய் சுருட்டி வைத்திருந்தது. மத்தியானம், சாப்பாட்டுக்குப் பிறகு, பாய். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை குலவையும் பஸ் ஹாரனும் கேட்டால் யாருக்குத் தூக்கம் வரும்? அவரிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், அதை நம்ப முடியாது என்று நானே முடிவு செய்தேன்.

அடுத்த நாள் காலை அறையைப் பரிசோதிப்பதாகச் சொல்லிப் போய், ஒரு ஸ்பீக்கருக்குப் பின்னால் என் சின்ன ஒலிப்பதிவுக் கருவியை ஓடவிட்டு வைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மூன்றாம் நாள் சத்தம் நின்றதாகப் போன் வந்தது. மாலையில் கருவியை எடுத்துக்கொண்டு பஸ்ஸிலேயே ஹெட்போனை மாட்டிக் கேட்டேன்.

ராட்டினம் கிறீச்சிடுகிறது. பிறகு மௌனம். பிறகு காலடிச் சத்தம், செருப்பில்லாத கால். பிறகு ஒரு க்ளிக். கொஞ்சம் விட்டு இன்னொரு க்ளிக். அதன் பிறகு மழை வரவில்லை.

 நான் வைத்த நாற்பது நொடி மௌனத்துக்குள் நடந்து வந்து, ஆம்ப்ளிஃபயரைப் பிடுங்கிவிட்டுச் சார்ஜரைப் போட்டிருக்கிறார். இரண்டு க்ளிக். வேறென்ன வேண்டும்? ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். அதற்கு மேல் பதிவில் இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் இருந்தது. நான் தேடியது கிடைத்துவிட்டதால் அதைக் கேட்கவில்லை.

மறுநாள் சிதம்பரம் சார் மேசையில் கருவியை வைத்து, மாரிக்கண்ணுவைக் கூப்பிட்டு, அதைப் போட்டுக் காட்டினேன். இரண்டாவது க்ளிக் வந்ததும் நிறுத்தினேன். சிதம்பரம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாரிக்கண்ணு கருவியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“இது எப்ப எடுத்ததுங்க?”

“நேத்து மத்தியானம்.”

“நான் உள்ள இருக்கையிலயா?”

நான் தலையாட்டினேன்.

“மூணு நாளா வச்சிருந்தீங்களா? நான் போன்ல எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசுனது, எல்லாம் அதுல இருக்கா?”

“அதெல்லாம் நான் கேக்கல. இப்ப இந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்லுங்க.”

“அமத்திப் போட்டேன். நீங்கதான அப்பிடிச் செய்யச் சொன்னீங்க.”

“நின்னதுக்கு அப்புறம் செய்யச் சொன்னேன். நிக்கிறதுக்கு முன்னாடி இல்ல.”

 அவர் இடுப்பிலிருந்து கூடத்துச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். “சாவி இந்தா இருக்கு சார். நான் போறேன்” என்று சிதம்பரம் சாரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். சார் எழுந்து வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். “கொஞ்சம் பொறுமையாக் கேட்டிருக்கலாம் மேடம்” என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை.

வேறொரு பெண்ணைத் தேடி வேலைக்கு வைக்கும்வரை சில மாதம் அறை பூட்டிக் கிடந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, மூன்று மாதமும் அறையில் ஒரு தடவைகூடச் சத்தம் நிற்கவில்லை. சிதம்பரம் சாரைப் பார்க்கும்போதெல்லாம் “இப்ப நல்லா ஓடுதுல்ல சார்” என்பேன். அவர் தலையாட்டுவார். நான் சொன்னது நிரூபணமாகிவிட்டது என்று நம்பினேன். உங்களுக்கும் இப்படி நடக்கும், கவனமாக இருங்கள். நாம் ஒன்றைச் செய்ததும் கோளாறு போய்விட்டால், நாம் செய்ததால்தான் போனது என்று மனசு உடனே கையெழுத்துப் போட்டுவிடும்.

தை மாதம் விராலிமலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாட்டியப் பள்ளியின் ஆண்டு விழா. சாயங்காலம் ஆறு மணி. குழந்தைகள் முப்பது பேர் மேடையில். கரண்ட் போனது. உடனே ஜெனரேட்டர் பிடித்துக்கொண்டது, விளக்குகள் ஒருமுறை கண் சிமிட்டியதோடு சரி. ஆனால் இசை இல்லை.

திரையைப் பார்த்தேன். எல்லாம் ஓடுகிறது. ஒலி அளவு காட்டும் பட்டைகள் பச்சையாக ஏறி இறங்குகின்றன. மிக்ஸரில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவது லேப்டாப்புக்கு மாற்றினேன், அதிலும் எல்லாம் ஓடுகிறது, சத்தம் இல்லை. எனக்குப் பின்னாலிருந்து ஒரு அப்பா, “என்னங்க, என்ன ஆச்சு” என்கிறார். மேடையில் குழந்தைகள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அந்த மண்டபத்து மைக் செட்டுக்காரர்தான் வயரைப் பிடுங்கிவிட்டார் என்று என் மனசு முதலில் சொன்னது. அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். திட்டுவதற்காகத் திரும்பியபோது என் நல்ல காது லேப்டாப் பக்கம் வந்தது.

லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கரிலிருந்து, கொசு பறக்கிற மாதிரி, முழு இசையும் வந்துகொண்டிருந்தது. வீணை, குழல், மிருதங்கம், எல்லாம்.

மண்டபத்துக் கரண்ட் மாறிய அரை நொடியில், பேட்டரி இல்லாத சவுண்ட் கார்டு அணைந்து எழுந்திருக்கிறது. லேப்டாப் பேட்டரியில் இருந்ததால் அதற்கு ஒன்றும் தெரியவில்லை. தன்னுடன் இணைந்திருந்த பெட்டி காணாமல் போனதும், ஒரு வார்த்தை சொல்லாமல், தன் சொந்த ஸ்பீக்கரிலேயே வாசிக்க ஆரம்பித்துவிட்டது. அதன் கணக்குப்படி நிகழ்ச்சி நடந்துகொண்டுதான் இருந்தது. அணைத்துப் புதிதாகத் தொடங்கினால்தான் மறுபடி பெட்டியைத் தேடும். இரண்டு லேப்டாப் வைத்திருந்தேன், ஆனால் இரண்டும் ஒரே பெட்டி வழியாக. மிக்ஸரிலிருந்து ஒரு வயரை வாங்கி நேரே லேப்டாப்பின் ஹெட்போன் துளையில் சொருகினேன். மண்டபம் நிறைய இசை வந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. குழந்தைகள் விட்ட இடத்திலிருந்து ஆட ஆரம்பித்தார்கள்.

மைக் செட்டுக்காரர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். என்னால் சிரிக்க முடியவில்லை. பீரோவுக்குள் சன்னமாகப் பாடுகிறது என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அது ஃபேன் என்று நான் சொன்னேன். மிச்ச நிகழ்ச்சி முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், என்ன ஓடியது என்று நினைவில்லை.

மாரிக்கண்ணு விராலிமலையிலேயே, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டிபன் கடையில் வேலை செய்வதாகக் கேள்விப்பட்டிருந்தேன். மறுநாள் காலை போனேன். இலை நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார். நான் நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் என் கைப்பையைப் பார்த்தார்.

“இப்பவும் ரெக்கார்டு ஓடுதாங்க அதுக்குள்ள?”

என்னிடம் இருந்தது கைப்பேசி மட்டும்தான். எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

“தப்பு என்னோடது மாரிக்கண்ணு. கரண்ட் ஆடுனதுலதான் நின்னிருக்கு. நீங்க ஒண்ணும் செய்யல.”

“அன்னைக்கு நான்தான்னு சொன்னீங்க. இன்னைக்குக் கரண்டுங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்கன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

 அவர் சொன்னதுதான் நம் தொழிலின் சரியான கேள்வி. ஒரு காரணம் பொருத்தமாக இருக்கிறது என்பதற்காக அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. கோளாறை நம் கையால் வரவழைத்துக் காட்ட வேண்டும். அப்போதுதான் தெரியும்.

“நேர்லயே நிக்க வச்சுக் காட்டுறேன். வாரீங்களா?”

அவர் கத்தியை மறுபடி எடுத்தார். “ஞாயித்துக்கெழம மத்தியானம் எனக்கு லீவு. வாரேன். உங்களை நம்பி வரலைங்க. பாக்கத்தான் வாரேன்.”

கூடத்தை ஒட்டி நாலு தோட்டம், நாலு கிணறு, நாலு மோட்டார். மோட்டார் எடுக்கும்போதுதான் கரண்ட் இறங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டு, பக்கத்துத் தோட்டக்காரர் ராசுவிடம் சொல்லி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் சாரும் வந்தார். அறையில் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. சன்னல் வழியாக நான் துண்டை ஆட்டினால் ராசு மோட்டாரைப் போட வேண்டும். ஆட்டினேன். மோட்டார் சத்தம் கேட்டது.

ஒன்றும் ஆகவில்லை. ஆட்டு மந்தை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அணைக்கச் சொல்லி மறுபடி போடச் சொன்னேன். மூன்று தடவை. விளக்குகூட அசையவில்லை. சிதம்பரம் சார் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்.  நான் நினைத்த இதுவும் தப்பென்றால், பிறகு என்ன?

மாரிக்கண்ணு வாசலில் நின்றபடி, “அக்கா, அப்பிடி இல்லைங்க” என்றார். “ஒரு மோட்டாருக்கு ஒண்ணும் ஆகாது. மோட்டாருக்கு த்ரீ பேஸ் கரண்டு வரையில நாலு மோட்டாரும் ஒண்ணா எடுக்கும். எல்லாம் ஆட்டோ ஸ்டார்ட்டருல கெடக்கும். அப்ப இந்த டியூப்லைட்டு ஒரு தடவ மங்கும். நான் பாத்திருக்கேன்.”

ராசுவைக் கேட்டோம். “ஆமாங்க, யாரு வந்து வந்து போடுறது? கரண்டு வந்தாத் தானா எடுத்துக்கிரும். இப்ப இருக்கறது ரெண்டு மணிக்குப் போயிட்டு, இந்த வாரம் ரெண்டரைக்கு மறுபடி வரும். மழைக்காலத்துலதான் அமத்தி வைப்போம்” என்றார்.

மழைக்காலம். நான் மூன்று மாதம் நிரூபணம் என்று சுமந்துகொண்டிருந்தது அவ்வளவுதான். கிணறு நிறைந்து கிடந்தது, யாருக்கும் மோட்டார் தேவைப்படவில்லை.

ராசு மற்ற தோட்டங்களுக்கும் ஆள் அனுப்பி எல்லா மோட்டாரையும் ஆட்டோவில் போட வைத்தார். காத்திருந்தோம்.  இரண்டரை தாண்டி ஐந்து நிமிஷம் இருக்கும். டியூப்லைட் மங்கி எழுந்தது. வெளியே நாலு பக்கமும் மோட்டார் இரைந்தது. அறை செத்துப்போனது. கடலை உடைக்கும் சத்தம் பாதியில் அறுந்தது.

மாரிக்கண்ணு பீரோவிடம் போய்க் காதை வைத்தார். பிறகு விலகி நின்று, “சார், நீங்க வாங்க” என்றார். உயரமான சிதம்பரம் சார் நன்றாகக் குனிந்து பீரோவில் காதை வைத்தார். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். “மயில் கத்துது” என்றார்.

அந்த ஒலிப்பதிவை அன்றைக்குத்தான் நான் முழுவதும் போட்டேன், மாரிக்கண்ணுவின் அனுமதி கேட்டு. ராட்டினம் கிறீச்சிட்டு நின்றதும் மாரிக்கண்ணு கையைக் காட்டினார்.

“தண்ணி ஊத்தலை பாருங்க.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“ராட்டு நின்னதும் தொட்டியில தண்ணி விழுகணும்ல? விழுகல. அப்பவே நின்னுபோச்சு. அதான் எந்திரிச்சுப் போயி அமத்திப் போட்டேன்.”

அந்தச் சத்தத்தைச் செய்தவள் நான். தண்ணீர் விழுவதைப் பதிவு செய்ய ஒரு முழுப் பகல் கிணற்றடியில் உட்கார்ந்தவள் நான். அது இல்லாததை நான் கேட்கவில்லை. க்ளிக்கை மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். பதிவு மேலே ஓடியது. க்ளிக்குக்குப் பிறகு மாரிக்கண்ணுவின் குரல், யாரோ வயதானவர்களிடம்: “நின்னுபோச்சுங்க ஆத்தா. கால் வலிக்கப் போகுது, இந்தப் பாயில உக்காருங்க. அடுத்து மழை பெய்யும், அதுக்கப்பறம் பஸ்ஸு வரும், அதுல ஒரு பிள்ளை சிரிக்கும். நல்லா இருக்கும். இன்னொரு நாளைக்கு வந்து கேளுங்க.” பஸ்ஸில் ஒரு குழந்தை சிரிப்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

சிதம்பரம் சார் மறுநாளே வேலைக்கு வந்துவிடும்படி சொன்னார். மாரிக்கண்ணு உடனே சரி என்று சொல்லவில்லை.

“ஊருக்குள்ள நான் தூங்குறதுக்காக அமத்துனேன்னு பேச்சு சார். அதை யாரு அமத்துறது?”

அதற்கடுத்த வாரம் கூடத்தில் ஊர்க்காரர்களைக் கூட்டி, இப்போது உங்களிடம் சொன்னதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். ஒலிக்கருவியை ஒளித்து வைத்ததையும் சொன்னேன்.  ஒரு பெரியவர், “படிச்சவுக இப்பிடிச் செய்யலாமா” என்று மட்டும் கேட்டார். நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து மாரிக்கண்ணு திரும்பி வந்தார். பீரோச் சாவி தன்னிடம்தான் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். யூபிஎஸ் வைத்தோம். சவுண்ட் கார்டு காணாமல் போனால் மென்பொருள் வேறெங்கும் வாசிக்காமல் நின்றுவிடும்படி மாற்றி எழுதினேன். அதுவும் வேலை செய்கிறதா என்று வயரை நானே பிடுங்கிப் பார்த்தேன்.

உங்களுக்கு நான் சொல்வது சந்தேகப்படாதீர்கள் என்றல்ல. சந்தேகம் இல்லாதவர் இந்த வேலைக்கு வரவே கூடாது. ஆனால் முதலில் நீங்கள் வேண்டாம் என்று சொன்னதைச் சந்தேகப்படுங்கள். பிறகு நீங்கள் ஒன்று மட்டும் வைத்திருக்கிற பொருளை. பிறகு திரை சொல்வதை. அந்த இடத்தில் தினமும் இருக்கிறவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அர்த்தம் புரியாவிட்டாலும். புரியாதது உங்கள் குறையாக இருக்கலாம்.

போன கோடையில், நான் கருவிகளையெல்லாம் கொடுத்து முடித்த பிறகு, ஒரு நாள் மாரிக்கண்ணு போன் செய்தார்.

“அக்கா, மூணாவது ஸ்பீக்கர் மட்டும் பேசல. கரண்டு ஆடல. யூபிஎஸ் நல்லா இருக்கு. பெட்டியில லைட்டு எரியுது, அதை நம்பாம மத்த ஏழையும் கேட்டுட்டேன். இது வயருலதான் இருக்கு.”

“இந்தா வாரேன்” என்று புறப்பட்டேன். டெஸ்டரையும் ஒரு துண்டு வயரையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். கூரைக்கும் சுவருக்கும் இடையில், மூன்றாவது ஸ்பீக்கருக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது.